டென்னிஸ் ஆடத் தெரியாத வாத்தியார்

பெங்களூரில் புதிதாக எழும்பியிருக்கும் பெரிய குடியிருப்புகளில் பலவற்றில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. மாலை நாலரை மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். கூடை நிறையப் பழைய பந்துகளை வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் நிற்பார். எதிரே வரிசையாக ஏழெட்டுக் குழந்தைகள். கம்பி வலைக்கு வெளியே பெஞ்சில் தாய்மார்கள். விசாரித்தால் அந்த இளைஞர் கல்லூரி மாணவராக இருப்பார். காலையில் வகுப்பு; மாலையில் இந்த வேலை. பெட்ரோலுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் ஆயிற்று.

எங்கள் குடியிருப்புக்கும் அப்படி ஒரு தம்பி வருகிறார். பி.காம். இரண்டாம் ஆண்டு. முதல் நாள் அவர் வந்தபோது பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டு கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"தம்பி, நீங்க எதுவரைக்கும் ஆடியிருக்கீங்க? ஸ்டேட் லெவலா, நேஷனலா?"

காலேஜ் டீமில் ஆடியதாக அவர் சொன்னார். இரண்டு பேர் அங்கேயே முகத்தைச் சுளித்தார்கள். அடுத்த வாரம் வரிசையில் ஒரு குழந்தை குறைந்தது.

கேள்வியைக் குறை சொல்ல முடியாது. பாட்டுச் சொல்லித்தர வருபவரை முதலில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்கிறோம் அல்லவா? ஆனால், டென்னிஸ் பயிற்சியாளர்களிலே உலகம் முழுதும் பேர் தெரிந்த ஒருவரிடம் அவருடைய மாணவப் பருவத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் திருதிருவென்று விழித்திருப்பார். சொல்லிக்கொள்ளும்படியாக அவர் எந்தப் போட்டியிலும் ஆடியது இல்லை. சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய நாளில், மட்டையைப் பிடிப்பதற்கு மேல் அதிகமாக எதுவும் தெரியாது என்று அவரே பின்னால் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

அவர் பெயர் நிக் பொலெட்டியரி. அமெரிக்கர். ஆந்த்ரே அகாசி, ஜிம் கூரியர், மோனிகா செலஸ், மரியா ஷரபோவா என்று உலகின் முதல் இடத்தைப் பிடித்த பலர் அவருடைய பட்டறையில் வளர்ந்தவர்கள். 2014-ல் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2022 டிசம்பர் 4-ந் தேதி, 91 வயதில் காலமானார்.

இந்தப் பெருமையெல்லாம் பிற்பாடு வந்தது. அதற்கு முன்னால், சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டுக் குடும்பச் செலவுக்கு வழி தேடி, ஒரு நகராட்சிப் பூங்காவில் பந்துக் கூடையோடு நின்ற மாணவர் பொலெட்டியரி ஒருவர் இருந்தார். அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

மருந்தாளர் மகன்

1931 ஜூலை 31-ல், நியூயார்க் நகரை அடுத்த பெல்ஹம் என்ற ஊரில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தந்தை மருந்தாளர். அந்த நாளில் அமெரிக்காவில் டென்னிஸ் என்பது வெள்ளை உடுப்பு, கிளப் சந்தா, தோட்டத்து விருந்து ஆகியவற்றோடு சேர்ந்த சமாசாரம். இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் இவர் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. கோழிமுட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். முட்டி மோதி விழுந்து எழுந்திருக்கிற ஆட்டம். டென்னிஸ் அவருக்குக் கொஞ்சம் அறிமுகமானதே பின்னால்தான்.

கல்லூரிப் படிப்பு தெற்கே அலபாமா மாநிலத்தில், மொபைல் என்ற ஊரில். ஏசு சபைப் பாதிரிமார் நடத்தும் ஸ்பிரிங் ஹில் கல்லூரி. (நம் சென்னை லயோலாக் கல்லூரியும் அதே சபையாருடையதுதான்.) அங்கே தத்துவம் படித்து 1953-ல் பட்டம் வாங்கினார். தத்துவம் படித்தவருக்கு வேலை தருவார் யார்? நம் ஊரில் எம்.ஏ. தத்துவம் படித்துவிட்டு வங்கிப் பரீட்சை எழுதியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அவர் இராணுவத்தில் சேர்ந்தார். பாராசூட் படை. லெப்டினன்ட் பதவி வரை உயர்ந்தார்.

அந்த இராணுவ வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் கதவைத் திறந்துவிட்டு "குதி" என்றால் குதிக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்க அங்கே இடம் கிடையாது. பிற்காலத்தில் அவரிடம் வந்த பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் அவர் ஏறக்குறைய அப்படியேதான் நடத்தினார்.

படையிலிருந்து வெளியே வந்ததும், புளோரிடா மாநிலம் மியாமிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். 1950-களின் பிற்பகுதி அது. கலியாணம் ஆகிவிட்டது. படிப்புச் செலவு ஒரு பக்கம், குடும்பச் செலவு ஒரு பக்கம். பக்கத்திலுள்ள நார்த் மியாமி பீச் ஊரின் பூங்காவில் டென்னிஸ் கோர்ட்டுகள் இருந்தன. மணிக்குச் சில டாலர் கூலிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. ஏற்றுக்கொண்டார்.

சில மாதங்களில் சட்டப் புத்தகங்களை மூடிவிட்டார். பூங்கா போதும் என்று தீர்மானித்துவிட்டார்.

சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பூங்காவில் பிள்ளைகளுக்குப் பந்து போடுகிறேன் என்று நம் பையன் வந்து சொன்னால், வீட்டில் இரண்டு நாளைக்கு அடுப்பு எரியாது. அவர் வீட்டில் என்ன நடந்ததோ, அது அவர்கள் பாடு.

மனைவி கொண்டுவந்த பாடம்

தெரியாத வித்தையை எப்படிக் கற்றுக் கொடுப்பது? இதற்கு அவர் கண்ட வழியை நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

அதே வட்டாரத்தில் வேறொரு பூங்காவில் அனுபவம் மிக்க பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். பொலெட்டியரியின் மனைவி அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, அவர் மாணவர்களுக்கு என்ன சொல்கிறார், எப்படி நிற்க வைக்கிறார் என்பதையெல்லாம் கவனித்து வருவார். வந்து கணவரிடம் சொல்வார். அடுத்த வகுப்பில் இவர் அதைத் தம்முடைய பாடமாக நடத்துவார்! பின்னாளில் பொலெட்டியரி இந்தக் கதையைத் தாமே மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

இது பித்தலாட்டம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாத்தியார் வேலையில் முதல் வருஷம் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: நாளைக்கு நடத்த வேண்டிய பாடத்தை இன்று இராத்திரிதான் படித்திருப்போம். வித்தியாசம் என்னவென்றால், பெரும்பாலானவர்கள் அதை மறைத்துவிட்டுச் சில வருஷங்களில் தமக்கு எல்லாம் தெரியும் என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். இவர் கடைசி வரை அப்படி நம்பவில்லை. ஆட்டத்தின் நுட்பம் தம் பலம் அல்ல என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பூங்காவில் அவரிடம் வந்த சிறுவர்களில் ஒருவன் பிரையன் காட்பிரீட். 1977-ல் பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டம் வரை போய் கில்லெர்மோ விலாசிடம் தோற்றவர். அந்த ஆண்டு உலக வரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியவர். விஜய் அமிர்தராஜின் காலத்து ஆட்டக்காரர் என்றால் நம்மவர்களுக்கு நினைவு வரும். முதன்முதலாகக் கைக்கு வந்த பையன்களில் ஒருவன் உலகின் மூன்றாவது ஆட்டக்காரன் ஆனது வாத்தியாரின் திறமையா, யோகமா? இரண்டும் கொஞ்சம் இருக்கும்.

பையனிடம் கற்ற பாடம்

பிறகு போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு பெரிய உல்லாச விடுதியில் பல ஆண்டு டென்னிஸ் நிர்வாகியாக இருந்தார். விடுமுறைக்கு வரும் செல்வந்தர்களுக்குப் பந்து போடும் வேலை. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1977-ல் புளோரிடாவுக்குத் திரும்பி, மேற்குக் கடற்கரையில் மறுபடியும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். அப்போது நடந்ததுதான் டென்னிஸ் ஆட்டத்தையே கொஞ்சம் மாற்றிய சம்பவம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியிலிருந்து ஜிம்மி அரியாஸ் என்ற பையன் வந்தான். பதின்மூன்று வயது இருக்கும். சிறு உடம்பு. அவனுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தவர் அவனுடைய தந்தை. அவர் தொழிலால் என்ஜினீயர். டென்னிஸ் ஆட்டக்காரர் அல்ல.

அந்நாளில் போர்ஹேண்ட் அடிக்க எல்லா வாத்தியார்களும் ஒரே பாடம் சொல்வார்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பு. இடக்காலை எடுத்து முன்னால் வை. மட்டையை நேராகப் பின்னுக்கு இழுத்து, நேராக முன்னுக்குக் கொண்டு வா. அடித்து முடித்ததும் மட்டை, பந்து போன திசையைக் காட்டி நிற்க வேண்டும். புகைப்படத்துக்கு நிற்பதுபோல அழகாக இருக்கும். மரமட்டைக் காலத்துக்கு அது சரி. அந்தச் சின்ன மட்டையின் நடுவில் பந்து படவே பெரும்பாடு. வேகமாக வீசினால் பந்து எங்கேயோ போகும்.

என்ஜினீயர் இந்தப் பாடத்தைப் பார்த்தார். வேகமாகப் போகிற ஒரு பொருளைத் திடீரென்று நிறுத்துவானேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கையைத் தளர விடு, மட்டை போகிற வழியே போகட்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டார். பையன் வலையைப் பார்த்தபடி திறந்து நின்று, இடுப்பையும் தோளையும் சுழற்றி, மட்டையைக் கீழிருந்து மேலே சாட்டைபோல வீசுவான். மட்டை உடம்பைச் சுற்றிக்கொண்டு இடத் தோளுக்குப் போய்விடும். சில சமயம் இரண்டு காலும் தரையில் இருக்காது.

மட்டை கீழிருந்து மேலே உரசிக்கொண்டு போவதால் பந்து முன்பக்கமாகச் சுழல்கிறது. அப்படிச் சுழலும் பந்து வலையைத் தாண்டியதும் திடுமென்று கீழே இறங்கும். சந்திரசேகர் வீசிய டாப் ஸ்பின்னர் எப்படி எதிர்பாராமல் இறங்கும் என்று சின்னசாமி மைதானத்தில் பார்த்த பெரியவர்கள் இன்னும் பெங்களூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்க வேண்டாம். பந்து தானாக இறங்குமானால், எவ்வளவு பலமாக அடித்தாலும் கோட்டுக்குள்ளேயே விழும். ஆக, சிறு பையனும் முழுப் பலத்தோடு அடிக்கலாம்.

முறையாக டென்னிஸ் படித்த வாத்தியார் யாராக இருந்தாலும் அன்று என்ன செய்திருப்பார்? பையனைப் பிடித்து நிறுத்தி, "இது தப்பு" என்று சொல்லி, இடக்காலை முன்னால் வைக்கச் சொல்லியிருப்பார். பொலெட்டியரிக்கு அழிக்க வேண்டிய முன் பாடம் எதுவும் மண்டையில் இல்லை. பார்த்தார். மற்றப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார். இந்தப் பையன் அடிப்பதைப் பாருங்கள், இனிமேல் எல்லாரும் இப்படித்தான் அடிக்க வேண்டும் என்றார்.

அதன் பிறகு அதற்குப் பொலெட்டியரி போர்ஹேண்ட் என்றே பெயர் வந்துவிட்டது! கண்டுபிடித்தவர் என்ஜினீயர், அடித்துக் காட்டியவன் மகன், பெயர் வாத்தியாருக்கு. ஆனால் அரியாசிடமிருந்து கற்றதாக வாத்தியார் எங்கும் சொல்லத் தயங்கியதில்லை. அரியாஸ் 1983-ல் அமெரிக்க ஓபன் அரை இறுதிக்குப் போனார். மறு ஆண்டு உலகின் ஐந்தாம் இடம் வரை வந்தார். அதே காலத்தில் மரமட்டை போய், கிராபைட்டில் செய்த பெரிய மட்டைகளும் கடைகளுக்கு வந்துவிட்டன. நடுவில் படாத பந்தும் கோட்டுக்குள் போகத் தொடங்கியது. இன்று எங்கள் குடியிருப்புக் கோர்ட்டில் எட்டு வயதுப் பெண் குழந்தை மட்டையைத் தோளுக்கு மேல் சுழற்றுகிறதே, அது இந்த வழியாக வந்து சேர்ந்த பழக்கம்தான்.

இதிலே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அகாசியின் தந்தை ஈரான் நாட்டுக் குத்துச்சண்டை வீரர். 1948, 1952 ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டவர். டென்னிஸ் ஆட்டக்காரர் அல்ல. செலசின் தந்தை யுகோஸ்லாவியாவில் கேலிச்சித்திரக்காரர். மகளுக்கு உற்சாகம் வரட்டும் என்று பந்துகளில் படம் வரைந்து தருவார். அவருக்கும் டென்னிஸ் தெரியாது. செலஸ் இரண்டு பக்கமும் இரண்டு கையாலும் அடிப்பவர். அகாசி, பந்து எழும்பி வரும்போதே முன்னால் போய் அடிப்பவர். கூரியரின் பின்கை அடி பேஸ்பால் மட்டை வீசுவதுபோல இருக்கும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத இந்தக் கோணல்களையெல்லாம் பொலெட்டியரி நிமிர்த்தவில்லை. பல வாத்தியார்கள் கைவைத்துக் கெடுத்திருக்கக்கூடியதை இவர் அப்படியே விட்டார். தெரியாமல் விட்டாரா, தெரிந்து விட்டாரா என்று இனி யாரைக் கேட்பது!

தக்காளித் தோட்டத்தில்

1978-ல் புளோரிடாவில் பிரேடன்டன் என்ற ஊரில் தம் அகாதெமியைத் தொடங்கினார். முதலில் பிள்ளைகள் சிலர் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். பிறகு ஒரு பழைய மோட்டலைப் பிடித்து விடுதியாக்கினார். 1980-களின் தொடக்கத்தில் நண்பர் ஒருவர் கொடுத்த கடனில், தக்காளி விளைந்துகொண்டிருந்த நிலத்தை வாங்கி வரிசையாகக் கோர்ட்டுகள் போட்டார்.

பிள்ளைகள் அங்கேயே தங்க வேண்டும். பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் டென்னிஸ். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். அறை சுத்தமாக இருக்கிறதா என்று சோதனை. பழைய பாராசூட் படை லெப்டினன்ட் வெயிலில் கறுத்த உடம்போடு கோர்ட்டு கோர்ட்டாக நடந்துகொண்டு சத்தம் போடுவார். இவரே எல்லாருக்கும் நுட்பம் சொல்லித்தரவில்லை. அதற்கு ஆட்கள் வைத்திருந்தார். இவருடைய வேலை பார்ப்பது, தட்டிக் கொடுப்பது, விரட்டுவது. அதைவிட முக்கியம், நன்றாக ஆடும் பிள்ளையை இன்னொரு நன்றாக ஆடும் பிள்ளையோடு மோத விடுவது. ஊரில் முதல்வனாக இருந்த பையன் அங்கே போனால் பத்தாவது ஆள். மறுநாள் ஒன்பதாவது ஆளாக வேண்டுமென்று வெறி பிடித்துவிடும். பாதி பாடத்தை அந்த வெறி சொல்லிக் கொடுத்துவிடும்.

நம் பக்கத்து வழி இதற்கு நேர் எதிர். தென்காசியைச் சேர்ந்த டி.கே. ராமநாதன் உத்தியோகம் காரணமாக டெல்லியில் இருந்தவர். தாமே தேசிய அளவில் ஆடியவர். வெளி மாநிலத்துத் தமிழர் என்ற முறையில் அவர் நம்மவர். டெல்லியில் மகன் ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தாமே பந்து போட்டுக் கற்றுக் கொடுத்தார். கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரை இறுதிக்குப் போனார். பிறகு சென்னையில் பேரன் ரமேஷுக்கும் தாத்தாவே ஆசான். 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை ரமேஷும் வென்றார். ஒரே குடும்பம், ஒரே குரு. அதட்டல், கூட்டம், விடுதி ஒன்றும் கிடையாது. தொட்டால் சுருங்குவதுபோல மெல்ல ஆடும் ஆட்டம். வீணை வாசிப்பதுபோல என்று சொன்னால் மிகையில்லை. பலமாக அடிக்கிற பிரேடன்டன் பிள்ளைகளின் ஆட்டத்தையும் ரமேஷின் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே விளையாட்டா என்று சந்தேகம் வரும். நான் ரமேஷ் கட்சி. ஆனால் குடும்பத்தில் ஒரு டி.கே. ராமநாதன் இல்லாத பிள்ளை எங்கே போகும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 1985-ல் கல்கத்தாவிலிருந்து லியாண்டர் பயஸ் சென்னைக்கு வந்து பிரிட்டானியா அமிர்தராஜ் அகாதெமியில் சேர்ந்து, அங்கே தங்கித்தான் ஆட்டம் கற்றார்.

கண்ணீர்

இத்தனை நேரம் வாத்தியாரின் பக்கமிருந்து சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு.

தொலைக்காட்சியில் அகாதெமியைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, அகாசியின் தந்தை மூன்று மாதத்துக்குப் பணம் கட்டி மகனை லாஸ் வேகாசிலிருந்து அனுப்பி வைத்தார். பையனுக்கு வயது 13. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. பொலெட்டியரி சிறிது நேரம் அவன் அடிப்பதைப் பார்த்தார். உடனே தந்தையைக் கூப்பிட்டு, பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், பையன் எத்தனை நாள் வேண்டுமானாலும் சும்மா இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். பணத்தில் கெட்டிக்காரர் அல்லர் அவர். பிடித்த பிள்ளைகளுக்கெல்லாம் இலவசம் என்று அள்ளிக் கொடுத்துவிட்டு, கடனில் தவித்து, 1987-ல் அகாதெமியையே ஐ.எம்.ஜி. நிறுவனத்துக்கு விற்றார். அங்கேயே பயிற்சியாளராகத் தொடர்ந்தார்.

தந்தைக்கும் வாத்தியாருக்கும் அன்று பெருமகிழ்ச்சி. பையனை யாரும் கேட்கவில்லை. 2009-ல் வெளியான தம் வரலாற்றில் அகாசி அந்த இடத்தைச் சிறைச்சாலைக்கு ஒப்பிட்டு எழுதினார். டென்னிஸையே தாம் வெறுத்ததாகவும் எழுதினார். ஆத்திரத்தில் தலைமுடியைக் கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டது, காதில் கடுக்கன் மாட்டிக்கொண்டது, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போட்டியில் ஆடியது எல்லாவற்றையும் சொல்கிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று தவித்த ஒரு சிறுவனின் குறும்புகள் அவை. பின்னாளில் அதையே உலகம் நாகரிகம் என்று கொண்டாடியது.

கூரியரும் அங்கே வளர்ந்த பையன்தான். அகாசியோடு ஒரே விடுதி. 1989 பிரெஞ்சு ஓபன் மூன்றாவது சுற்றில் இருவரும் எதிர் எதிரே நின்றார்கள். இரண்டு பேரும் தம் பிள்ளைகள். வாத்தியார் எங்கே உட்காருவது? பொதுவாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கலாம். வராமலே இருந்திருக்கலாம். பொலெட்டியரி அகாசியின் பக்கம் போய் உட்கார்ந்தார். கூரியர் அதைப் பார்த்தார். அகாசியை வென்றார். சில காலத்தில் வாத்தியாரை விட்டும் போய்விட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1991-ல், அதே பாரிசில் அதே இருவரும் இறுதி ஆட்டத்தில் சந்தித்தார்கள். ஐந்து செட். கூரியருக்குப் பட்டம். அப்போது அவருக்கு வேறு பயிற்சியாளர்.

செலஸ் 1990-ல் விலகினார். வாத்தியாரின் கவனமெல்லாம் அகாசி மீதே என்ற மனத்தாங்கல். விலகிய அதே ஆண்டு, 16 வயதில், ஸ்டெபி கிராபை வீழ்த்திப் பிரெஞ்சு ஓபன் பட்டம் வாங்கினார்.

அத்தனை பேரையும் விலை கொடுத்து வைத்துக்கொண்ட அந்த அகாசியோ? 1992-ல் விம்பிள்டன் பட்டம் வென்றார். கோரான் இவானிசெவிச்சோடு ஐந்து செட். வாத்தியாருக்குக் கண்ணீர் பெருகிய நாள். அடுத்த ஆண்டு, 1993-ல், உறவை முறித்துக்கொண்டது வாத்தியார்தான். நேரில் சொல்லவில்லை, கடிதம் எழுதினார். பதின்மூன்று வயதில் தம்மிடம் வந்த பிள்ளைக்குக் கடிதம் எழுதுவதா என்று கேட்கத் தோன்றுகிறது. பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார்.

உலகின் முதல் இடத்துக்கு வந்த பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். அதிலே சிலர் பக்குவப்பட்ட பிறகு கொஞ்ச காலம் வந்து போனவர்கள், பெற்றவர்களே வளர்த்தவர்கள். அந்தப் பட்டியலில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. எத்தனை நூறு பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து, படிப்பைப் பாதியாக்கி, எந்த வரிசையிலும் இடம் பிடிக்காமல் திரும்பிப் போனார்கள் என்று யாரும் பட்டியல் போடுவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 700 டாலரைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு ரஷ்யத் தந்தை ஆறேழு வயது மகளோடு புளோரிடாவில் வந்து இறங்கினார். இங்கிலீஷ் தெரியாது. அந்தக் குழந்தைக்கு, சற்று வளர்ந்ததும், இடம் கொடுத்தது அந்த அகாதெமி. 2004-ல் 17 வயதில் விம்பிள்டன் வென்ற மரியா ஷரபோவா அவர்தான். கறுப்பின மக்களில் விம்பிள்டன் ஆண்கள் பட்டம் வென்ற முதல்வரான ஆர்தர் ஆஷோடு சேர்ந்து, 1980-களின் இறுதியில், நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தரும் திட்டம் ஒன்றையும் பொலெட்டியரி நடத்தினார். வெள்ளை உடுப்புக்காரர்களின் ஆட்டத்துக்கு வெளியே வளர்ந்த இத்தாலியக் குடும்பத்துப் பையன் அதை மறக்கவில்லை போலும்.

அவர் இறந்தபோது அகாசி இரங்கல் எழுதினார். எத்தனையோ பேருக்குத் தங்கள் கனவை வாழ்ந்து பார்க்க வாய்ப்புக் கொடுத்தவர் என்று அதில் நன்றியோடு குறிப்பிட்டார். சிறைச்சாலை என்று எழுதிய அதே அகாசி.

இதையெல்லாம் ஒரு நாள் எங்கள் குடியிருப்புத் தம்பியிடம் சொன்னேன். பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டார். அரியாஸ் கதை வந்தபோது மட்டும் நிமிர்ந்தார். வரிசையில் கடைசியாக நிற்கும் ஒரு குழந்தையைக் காட்டினார். அந்தப் பெண் மட்டையை இடக்கையில் பிடிக்கிறாளாம்; பந்து வலப்பக்கம் வந்தால் சட்டென்று வலக்கைக்கு மாற்றிக்கொண்டு அடிக்கிறாளாம். இரண்டு பக்கமும் போர்ஹேண்ட். தாயார் வந்து, அதைத் திருத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மாதமாகத் திருத்தலாமா, விடலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் அவருக்குச் செமஸ்டர் பரீட்சை. பத்து நாள் வகுப்புக் கிடையாது என்று கோர்ட்டு வாசலில் சீட்டு ஒட்டியிருக்கிறார்.